பட்டியலில் இல்லாத வலிப்பு

கால்-கை வலிப்பு உள்ள மாணவர்கள் கல்லூரியில் சேரத் தடையில்லை. படிப்பைத் தொடர உதவித்தொகை கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பெங்களூரின் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குக் கர்நாடக மாவட்டங்களிலிருந்து மட்டுமல்ல, கிருஷ்ணகிரி, தருமபுரி என்று தமிழக எல்லையோர ஊர்களிலிருந்தும் வலிப்பு நோயாளிகள் வருகிறார்கள். பள்ளி, கல்லூரி வயதினரும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு இங்கே மாத்திரை கிடைக்கிறது; ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கப் போனால், அவர்களது நோய்க்குப் பட்டியலில் இடமில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தபோது, பழைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாடுகளின் எண்ணிக்கை 21 ஆக உயர்ந்தது. பார்க்கின்சன் நோய் சேர்க்கப்பட்டது. மல்டிபிள் ஸ்க்ளரோசிஸ் சேர்க்கப்பட்டது. வலிப்பு சேர்க்கப்படவில்லை. மத்திய அரசின் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகையை இந்தப் பட்டியலில் ஏதேனும் ஒரு குறைபாடு, அதுவும் குறைந்தது 40 சதவீதம் இருப்பவர்கள்தான் கேட்க முடியும். உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் இதே அளவுகோல்தான். வலிப்புடன் மூளை முடக்குவாதமோ அறிவுத்திறன் குறைபாடோ சேர்ந்திருந்தால் வழி பிறக்கும். வலிப்பு மட்டும் என்றால், அநேகமாகக் கதவு மூடித்தான் இருக்கிறது.

பாதிக்கப்படுபவர்கள் யாரோ சிலர் அல்ல. பெங்களூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 1 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. ஆயிரம் பேரில் 8.8 பேருக்கு வலிப்பு. நகரத்தில் 5.7, கிராமத்தில் 11.9, அதாவது இரு மடங்கு. உதவித்தொகை அதிகம் தேவைப்படும் கிராமத்து வீடுகளில்தான் நோயும் அதிகம்.

அரசுத் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விலை உயர்ந்த மருந்துகூடத் தேவையில்லை. பெங்களூர் நரம்பியல் நிபுணர் டாக்டர் கே.எஸ். மணியும் குழுவினரும் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் ஃபினோபார்பிட்டோன், ஃபெனிட்டாயின் போன்ற மலிவான பழைய மாத்திரைகளைக் கொண்டே நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். அந்த ஆய்வு 2001-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. குணப்படுத்தக்கூடிய நோயை ஊனம் என்று எப்படி முத்திரை குத்துவது?

ஆனால் மீதிப் பேரின் நிலை என்ன? மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள மாணவர் வாரத்தில் ஆறு நாள் நன்றாக இருப்பார். ஏழாம் நாள் வகுப்பறையில் விழுவார். நிரந்தரக் குறைபாட்டை அளக்கும் சதவீதக் கணக்கில் இந்த ஏழாம் நாள் எளிதில் அடங்குவதில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். பரீட்சைக் காலத்தில் தூங்காமல் படிப்பதோ மாணவர்களின் வழக்கம். சில மருந்துகள் மந்தத்தையும் மறதியையும் தரும். இடையிடையே ஆஸ்பத்திரி வாசம் வேறு.

பொதுப் பிரிவு உதவித்தொகைக்கு முயலலாமே என்று கேட்கலாம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கல்லூரி மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் வேண்டும். இரண்டுமே இந்த நோய் முதலில் கை வைக்கும் இடங்கள்.

இதைவிடப் பெரிய தடை மௌனம். 'கால்-கை வலிப்பு' பேச்சுவழக்கில் 'காக்காய் வலிப்பு' என்றாகி வசைச் சொல்லாகவும் ஆகிவிட்டது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கையும் இன்னும் போகவில்லை. மகளுக்கு வலிப்பு என்று கல்லூரியில் எழுதிக் கொடுத்தால் நாளை கல்யாணப் பேச்சில் அது வந்து நிற்குமே என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். உதவி கேட்க நோயைச் சொல்ல வேண்டும். சொன்னால் வரன் போகும், வேலை போகும். அதனால் பலர் கேட்பதே இல்லை.

அந்த அச்சத்துக்குச் சட்டமே ஒரு காலத்தில் துணை நின்றது. 1976-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருபவர் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் மணம் புரியத் தகுதியற்றவர். இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் போராடியது. 1999-இல் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கியது. ஒரே ஒரு சொல்லை எடுக்க 23 ஆண்டுகள் ஆயின.

இப்போது ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றம்கூடத் தேவையில்லை. 2016 சட்டத்தின் அட்டவணை, மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையும் குறைபாடாகும் என்றுதான் முடிகிறது. ஓர் அறிவிக்கை போதும். நீதிமன்றமும் வழிகாட்டியிருக்கிறது. 40 சதவீதம் இல்லை என்பதற்காகத் தேர்வு எழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சதவீதத்தைவிட மாணவரின் தேவையே முக்கியம் என்ற அந்தப் பார்வை உதவித்தொகைக்கும் நீளலாம்.

அரசுக்காகக் காத்திருக்காத வழிகளும் உண்டு. அமெரிக்காவில் வலிப்பு மருந்து தயாரிக்கும் யுசிபி நிறுவனம் நோயுள்ள மாணவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் கல்லூரி உதவித்தொகை வழங்கி வந்திருக்கிறது. மருந்து நிறுவனங்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லாத பெங்களூரில் இது எட்டாக் காரியமல்ல. கல்லூரிகள் பைசா செலவில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மருத்துவச் சான்று தந்தால் வருகைப் பதிவில் விலக்கும், வலிப்பால் தவறிய பரீட்சைக்கு மறுவாய்ப்பும், சொன்ன விஷயம் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது என்ற உறுதியும் தரலாம்.

மாத்திரை வலிப்பை நிறுத்தும். கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோகும் படிப்புக்கு மருந்து வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும்.