நாயை இழந்த முதுமை: உடம்புக்குள் நடப்பது என்ன?

வடக்கு இஸ்ரேலில், ஹூலா பள்ளத்தாக்கில், ஐன் மல்லாஹா என்றொரு தொல்லியல் களம் இருக்கிறது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், மனிதர்கள் விவசாயம் செய்யத் தொடங்கும் முன்பே, நடூஃபியர் எனப்படும் மக்கள் அங்கே வட்டக் குடிசைகள் போட்டு வாழ்ந்தார்கள். அங்கு தோண்டியபோது கிடைத்த புதைகுழி ஒன்றில் வயது முதிர்ந்த ஒருவரின் எலும்புக்கூடு இருந்தது. கூடவே, பிறந்து சில மாதங்களே ஆன நாய்க்குட்டி ஒன்றின் எலும்புகள். முதியவரின் கை குட்டியின் உடல்மீது இருந்தது. 1978இல் 'நேச்சர்' இதழில் இந்தச் செய்தி வெளியானது. அவர் ஆணா பெண்ணா என்பதைக்கூட எலும்புகளைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அடக்கம் செய்தவர்கள் அந்த முதியவரையும் நாயையும் பிரிக்க நினைக்கவில்லை.

இதைவிடப் பழைய சான்று ஜெர்மனியில் இருக்கிறது. 1914இல் பான் நகரை ஒட்டிய ஓபர்காசல் கல்குவாரியில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய் ஆகிய மூன்று பேரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. வயது ஏறக்குறைய 14,000 ஆண்டுகள். 2018இல் அந்த நாயின் பற்களை ஆராய்ந்தவர்கள், ஐந்து மாத வாக்கில் அதற்கு டிஸ்டெம்பர் நோய் கண்டிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். வாந்தி, பேதி, காய்ச்சல், வலிப்பு என்று குட்டியைச் சுருட்டிப்போடும் நோய். அந்தக் குட்டி ஏழு மாதம் வரை உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ அதற்குத் தண்ணீர் கொடுத்து, கதகதப்பாக வைத்து, அழுக்கைத் துடைத்திருந்தால்தான் அது நடக்கும். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டியை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டவர்கள் பனியுகத்தின் கடைசியில் வாழ்ந்த வேட்டைக்காரர்கள்.

நம் மண்ணிலும் இந்த உறவுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் கல்லில் எழுதப்பட்டுள்ளன. பல்லவ நாட்டுச் சிற்றூரில் பிறந்த ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகள் கழித்தும் நமக்குத் தெரிகிறது.

நாய்க்காகத் துக்கப்படுவது இவ்வளவு பழைய வழக்கம். எழுபது வயதில் நாயைப் பறிகொடுத்து அழுகிறவரிடம் "ஒரு நாய்க்காகவா இப்படி?" என்று கேட்பதுதான் புதிய வழக்கம். அந்த அழுகைக்கு உடம்பில் என்னென்ன காரணங்கள் இருக்கின்றன என்பதை அறிவியல் கடந்த சில பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாகக் காட்டிவருகிறது.

பார்வையில் சுரக்கும் உறவு

தாயும் கைக்குழந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது கூடக்கூடப் பார்வை நீள்கிறது. பார்வை நீள நீள அது மேலும் கூடுகிறது. 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ நாகசாவா, டகேஃபுமி கிகுசுய் குழுவினர் நாய்களையும் வளர்ப்பவர்களையும் அரை மணி நேரம் ஓர் அறையில் இருக்கவிட்டு, முன்னும் பின்னும் சிறுநீரில் அந்த ஹார்மோனை அளந்தார்கள். நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்த இணைகளில் மனிதருக்கும் கூடியிருந்தது, நாய்க்கும் கூடியிருந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களை வைத்தும் சோதித்தார்கள். அவை வளர்ப்பவரின் கண்ணை அரிதாகவே பார்த்தன, ஹார்மோனும் அசையவில்லை.

குழந்தையைக் காக்க இயற்கை அமைத்த பாதையிலேயே நாய் நமக்குள் நுழைந்திருக்கிறது. "பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்று பெரியவர்கள் சொல்வது மிகைப்பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் உடம்பின் வேதியியலும் அதையே சொல்கிறது.

ஒரே வீட்டில் இரண்டு முதுமை

விலங்கினங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் பெரிய உடல் நீண்ட ஆயுள் என்பது பொது விதி. எலி இரண்டு மூன்று ஆண்டு, யானை அறுபது எழுபது ஆண்டு. நாய்களுக்குள் மட்டும் இது தலைகீழ். சிறிய பொமரேனியன் 14 ஆண்டுகள் ஓடியாடும். கிரேட் டேன் பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டுகளே வாழும். 2013இல் 74 நாய் இனங்களின் தரவுகளை அலசிய ஆய்வு, பெரிய இனங்கள் மூப்படையும் வேகமே அதிகம் என்று காட்டியது.

பெரும்பாலான நாய்கள் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்கின்றன. அறுபதில் ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டுக்குக் குட்டி வந்தால், அவருக்கு எழுபது தாண்டும்போது அதுவும் கிழமாகியிருக்கும். இருவருக்கும் மூட்டுவலி, இருவருக்கும் கண்ணில் புரை. இருவரும் இரவில் எழுந்து சிறுநீர் கழிக்கப் போவார்கள். நாய்க்குச் சிறுநீரகம் பழுதானால் தோலுக்கடியில் திரவம் ஏற்றவேண்டும், மாத்திரையைச் சோற்றுருண்டையில் மறைத்துத் தரவேண்டும், படியேற முடியாததைத் தூக்கிச் செல்லவேண்டும். இதையெல்லாம் செய்கிறவருக்கே நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கும்.

நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. கல்லூரி நாளில் மகனோ மகளோ அடம்பிடித்து வாங்கிய குட்டி அது. அவர்கள் வேலைக்கென்று பெங்களூருக்கோ டெக்சாஸுக்கோ போய்விட, நாய் பெற்றோரோடு தங்கிவிடுகிறது. வேண்டாம் என்று சொன்ன அப்பாதான் கடைசியில் அதற்கு மிகவும் நெருக்கமாகிறார். பிள்ளைகள் அந்த வீட்டில் இருந்த காலத்துக்கு உயிரோடு மிஞ்சியிருந்த சாட்சி அந்த நாய். அது போகும்போது அந்தக் காலமும் இரண்டாம் முறை போகிறது.

நாய் செய்துவந்த வேலைகள்

மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு, உடலின் தூக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்துகிறது. வயதாக ஆக அதன் கட்டளை வலுவிழக்கும். வெளியிலிருந்து வரும் அடையாளங்கள்தான் அதற்குத் துணை: காலை வெளிச்சம், சாப்பாட்டு வேளை, ஆட்களோடு பழகும் நேரம். இந்த ஒழுங்கு குலைவது மனச்சோர்வுக்கு வழிவிடும் என்ற கருத்தை 1988இல் சில மனநல ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஓய்வுபெற்றவர் வீட்டில் அலுவலக நேரம் இல்லை, பள்ளி நேரம் இல்லை. காலை ஐந்தரைக்கு மூக்கால் கையை முட்டி எழுப்பும் நாய்தான் அந்த வீட்டின் நேரம்.

கால்களும் நாயை நம்பியிருக்கின்றன. பிரிட்டனில் 65 வயதைக் கடந்தவர்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், நாய் வளர்ப்பவர்கள் வளர்க்காதவர்களைவிட நாளுக்குச் சராசரியாக 22 நிமிடம் கூடுதலாக நடந்தது தெரியவந்தது. அந்த நடையோடு தெருப்பேச்சும் சேர்ந்து வரும். பால்காரர், காவலாளி, இன்னொரு நாயோடு வரும் எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் நாயை விசாரிக்கும் சாக்கில் இவரிடமும் நாலு வார்த்தை பேசுவார்கள்.

வயது ஏறும்போது மனிதர்கள் பழகும் வட்டத்தைத் தாங்களே சுருக்கிக்கொள்கிறார்கள் என்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டன்சன் நெடுங்காலம் ஆய்ந்து சொன்ன கருத்து. மீதமுள்ள காலம் குறைவு என்று உணர்கிற மனம், நெஞ்சுக்கு நெருக்கமான சிலரை மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்தச் சிலரில் நாயும் ஒருவர் என்றால், போனது வட்டத்தில் பெரும் பங்கு.

ஆக, நாய் இறந்த நாளில் முதியவர் இழப்பது ஒரு பிராணியை மட்டுமா? எழுப்பும் நேரம், நடை, தெருவின் நாலு வார்த்தை, வாய்விட்டுப் பேசத் துணை, தடவக் கைக்குக் கிடைத்த வெதுவெதுப்பு என எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகின்றன. இளையவருக்கு வேலையும் நண்பர்களும் இந்த இடங்களில் சிலவற்றை நிரப்பிவிடும். முதியவருக்கு அப்படி நிரப்ப ஆளில்லை.

கேட்கிற காலடி

நாய் போன சில நாட்களில் பலருக்கு ஓர் அனுபவம் வரும். கூடத்துத் தரையில் நகம் உரசும் சத்தம், கதவுக்குப் பின்னால் பெருமூச்சு, கட்டிலடியில் ஓர் அசைவு. "எனக்குப் புத்தி கலங்கிவிட்டதோ" என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து, 1971இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்ததாகவோ குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

மூளை ஒலியைக் கேட்ட பிறகு அடையாளம் காண்பதோடு நிற்பதில்லை. அடுத்து என்ன கேட்கும் என்று முன்கூட்டியே கணித்துக்கொண்டும் இருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை எடுத்த பிறகும் கண் அங்கேயே போவதுபோல, பன்னிரண்டு ஆண்டு பழகிய காலடியை மூளை அந்தந்த நேரத்துக்கு எதிர்பார்க்கிறது. மங்கலான ஓர் ஓசை கிடைத்தால் போதும், மிச்சத்தை அதுவே நிரப்பிவிடும். பழைய கணிப்பை விட்டுப் புதியதைக் கற்க மூளைக்கு மாதங்கள் ஆகும். துக்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கற்றல்தான்.

இதயத்தைத் தொடும் துயரம்

1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் டகோட்சுபோ என்ற இதயக் கோளாறை விவரித்தார்கள். கடும் அதிர்ச்சியில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாயும்போது இதயத்தின் கீழ்ப்பகுதி சுருங்க முடியாமல் உப்பி நின்றுவிடுகிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஈசிஜி மாற்றம் எல்லாம் மாரடைப்பைப் போலவே இருக்கும். ஆஞ்சியோகிராம் செய்தால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. இதற்கு ஆளாவோரில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். 2017இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் டெக்சாஸைச் சேர்ந்த பெண் ஒருவரைப் பற்றி எழுதியது. அவருக்கு இந்தக் கோளாறு வந்தது, நாய் இறந்த துயரத்தை அடுத்து.

பெரும்பாலோருக்கு இதயம் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனாலும் வீட்டில் யாரும் "மனசு கஷ்டம், சரியாகிவிடும்" என்று நெஞ்சுவலியைத் தள்ளிப்போடக் கூடாது. துக்க வீட்டில் வரும் நெஞ்சுவலிக்கும் உடனே மருத்துவமனைதான்.

ஒப்புக்கொள்ளப்படாத துக்கம்

சமூகம் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்ற ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் வரையறுத்தார். அதற்கு விடுப்பு கிடையாது, சடங்கு கிடையாது, துக்கம் விசாரிக்க வருவோர் கிடையாது. நாயின் மரணம் அதற்கு நேர் உதாரணம். மனிதர் இறந்தால் நம்மிடம் பத்து, பதினாறு, வருஷத் திதி என்று நாள்கணக்கு இருக்கிறது. சோறு கொண்டுவர உறவு இருக்கிறது. நாயைப் புதைத்துவிட்டு வந்தவர் மறுநாள் காலை தானே எழுந்து, தானே காப்பி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல வழிகாட்டி நூலில் நீடித்த துக்கக் கோளாறு சேர்க்கப்பட்டது. அதன் வரையறையும் மனிதரின் மரணத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது.

நாயின் கருணைக் கொலைக்குச் சம்மதித்தவர்களின் பாரம் இன்னும் கூடுதல். "நானே கொன்றுவிட்டேனோ" என்ற கேள்வி இரவெல்லாம் அரிக்கும். கால்நடை மருத்துவர் செலுத்துவது மயக்க மருந்துதான். நாய் முதலில் நினைவிழக்கும், பிறகே மூச்சும் இதயமும் நிற்கும். தீராத வலியில் கிடந்த உயிருக்குக் கடைசியாகச் செய்யக்கூடிய உதவியைத்தான் சம்மதித்தவர் செய்திருக்கிறார். அதைக் குற்றமாகச் சுமக்க வேண்டியதில்லை.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனியுங்கள். இத்தாலியில் 426 பேரிடம் கேட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், கூட இருந்த நாய் இறந்தபின் மற்ற நாயின் நடத்தை மாறியதாக 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். அது குறைவாகச் சாப்பிடும், விளையாடாது, கவனிப்பைக் கூடுதலாகத் தேடும்.

மகன்களுக்கும் மகள்களுக்கும்

துக்கத்திலிருந்து மீள்வோர் நேராக மேலேறிப் போவதில்லை என்று 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் எழுதினார்கள். ஒரு பொழுது இழப்பை நினைத்து அழுவது, மறுபொழுது அன்றாட வேலையில் இறங்குவது, மீண்டும் அழுவது என்று மாறி மாறிப் போவதே இயல்பான பாதை. ஆகவே அழுகையை அடக்கவும் வேண்டாம், வேலையை நிறுத்தவும் வேண்டாம்.

தொலைவில் இருக்கும் பிள்ளைகள் செய்யக்கூடியவை சில உண்டு. நாயின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "வேறொன்று வாங்கித் தருகிறேன்" என்று முதல் வாரத்திலேயே சொல்லாதீர்கள். தட்டையும் கழுத்துப்பட்டையையும் அவர்கள் எடுத்துவைக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். நாய் எழுப்பிய நேரத்தில் நீங்கள் போன் செய்யுங்கள். நாயோடு நடந்த நேரத்தில் அவர்கள் தனியாகவாவது நடக்க வேண்டும், அதற்குத் துணை ஏற்பாடு செய்யுங்கள். உணவும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் கூட்டிச்செல்லுங்கள். பின்னொரு நாளில் அவர்களே இன்னொரு நாயைக் கேட்டால், குட்டிக்குப் பதிலாக ஐந்தாறு வயதான அமைதியான நாயைத் தத்தெடுப்பது நல்லது. தங்களுக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை பெரியவர்களுக்கு நிச்சயம் இருக்கும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்கை அப்போது நீங்கள் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள்.