மேடையில் கேட்ட மன்னிப்பு

2000 அக்டோபர் 1. சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழா. மேடையேறிய மிட்நைட் ஆயில் ராக் குழுவினரின் கறுப்பு உடையெங்கும் மன்னிப்புக் கோரும் ஒற்றைச் சொல். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமைக்கு அரசு மன்னிப்புக் கேட்காது என்று அடம்பிடித்த ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்ட் அரங்கில்தான் இருந்தார். குழு பாடியது ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’. பிண்டுபி பூர்வகுடி மக்களின் நிலத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கும் பாட்டு.

அந்தக் கோபம் இரவல் வாங்கியதல்ல. பாலைவனத்தில் ஏவுகணைச் சோதனை நடந்த காலத்தில் பிண்டுபி மக்கள் சொந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு, பப்புன்யா போன்ற குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். 1986இல் மிட்நைட் ஆயில், பப்புன்யாவில் பிறந்த வாரும்பி இசைக்குழுவோடு சேர்ந்து, அந்தக் குடியிருப்புகளுக்கே போய் வாசித்தது. புழுதியில் உட்கார்ந்து கேட்டவர்களின் வாழ்க்கைதான் மறு ஆண்டு ‘டீசல் அண்ட் டஸ்ட்’ தொகுப்பாக உலகமெங்கும் ஒலித்தது. பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்குப் போய்விட்டுப் பாடியதுதான் இவர்களுடைய பெருமை என்பேன்.

பாதிப்பை உண்டாக்கியவர்களின் வாசலுக்கும் போனார்கள். எக்ஸான் எண்ணெய் நிறுவனக் கப்பலின் எண்ணெய் அலாஸ்கா கடலை நாசமாக்கிய மறு ஆண்டு, 1990இல், நியூயார்க்கில் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு எதிரிலேயே லாரியை நிறுத்தி, அதன்மேல் நின்று பாடினார்கள்.

குழுவின் பாடகர் பீட்டர் காரெட் சட்டம் படித்தவர். 1984இலேயே அணு ஆயுத எதிர்ப்புக் கட்சிக்காக செனட் தேர்தலில் நின்று, நூலிழையில் தோற்றவர். 2002இல் குழுவை விட்டு விலகினார். 2004இல் லேபர் கட்சி எம்.பி. ஆனார், 2007இல் சுற்றுச்சூழல் அமைச்சர். அடுத்த ஆண்டு அவருடைய அரசே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. ஆனால் காலமெல்லாம் யுரேனியத்தை எதிர்த்த அதே மனிதர், 2009இல் ஃபோர் மைல் யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவை முடிவுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்பது புரிகிறது. இருந்தும், அந்தக் கையெழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

2013இல் அரசியலை விட்டார். 2017இல் குழு அவரோடு மறுபடி உலகம் சுற்றியது. 2020இல் பூர்வகுடிக் கலைஞர்களோடு சேர்ந்து ‘மகராட்டா புராஜெக்ட்’ தொகுப்பை வெளியிட்டது. 2022இல் கடைசிச் சுற்றுப்பயணம் முடிந்தது. அமைச்சர் காரெட்டைவிடப் பாடகர் காரெட்தான் ஆஸ்திரேலியாவின் மனசாட்சியை அதிகம் உலுக்கினார்.