பேராலயத்திற் பாடுவோரும் கேட்போரும்

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, குறிஞ்சாக்கேணியிலிருந்து கிண்ணியா வழியாகத் திருக்கோணமலை நகருக்கு வந்தோர் பாதையேறியே துறையைக் கடந்தனர். அவ்வாறு வந்து புனித மரியன்னை பேராலயத்துள் நுழையும் பிற சமயத்தவர் அங்குக் கேட்போராகவே நிற்பர், அது இயல்பே. ஆயின், அவ்வாலயத்துக்குரிய மக்களே நெடுங்காலம் விருந்தினர்போற் கேட்டு நின்றனர் என்பதே ஈண்டு நாம் நோக்கவேண்டியது.

1893 இல் திருக்கோணமலை மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது கத்தோலிக்கத் திருப்பலியின் மொழி இலத்தீன். பயிற்சிபெற்ற பாடகர் சிலர் பாட, மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் செபமாலை உருட்டினர். 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்தது. தமிழ்ப்பாடல் அன்றுதான் பிறந்ததெனக் கூறுவாருமுளர். அக்கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாது.

ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705 இல் கோவையிலிருந்தன்று, கோவாவிலிருந்து இலங்கை வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகமிட்டு வாசிக்கப்பட்டது. ஒருவர் வாசிக்க, கூடியிருந்தோர் ஒப்பாரியாய் ஏற்றிசைத்தனர். இழவு வீட்டிற் பெண்கள் அறிந்திருந்த இசையே அது. தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

எனவே மொழிமாற்றத்தை மட்டும் சனநாயகமாகக் கொள்ளல் இயலாது. தமிழிலேயே பாடினும், ஒலிவாங்கியும் மின்னிசைக் கருவியும் பாடகர் குழுவிடமே குவிந்துவிடின், பின்வரிசையிலுள்ளோர் மீண்டும் செபமாலைக்கே திரும்புவர்.