சீந்தில் குடித்தால் எதிர்ப்பு சக்தி கூடுமா?

டீயைக் குடியுங்கள், பேசுவோம். சீந்தில் விஷயத்தில் ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் அது தப்பாகிவிடும்.

கொடியைப் பார்த்திருப்பீர்கள். இதய வடிவ இலை, காகிதம்போல் உரியும் தோல், அந்தரத்தில் நூல்நூலாகத் தொங்கும் விழுது. அறுத்துப் போட்ட தண்டுகூட லேசில் வாடாது, துளிர்த்துவிடும். வேம்பில் ஏறிய கொடிதான் உசத்தி என்பார்கள் வைத்தியர்கள். தண்டை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் படியும் மாவைக் காயவைத்தால் சீந்தில் சர்க்கரை.

இப்போது இதை டப்பாவில் அடைத்து, ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது, எதிர்ப்பு சக்தி தரும்’ என்று விற்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல. சில நேரம் ஒன்றுக்கொன்று எதிராகவே வேலை செய்யும்.

நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் இருக்கின்றன. விழுங்கியதும் அவை ஒரு நொதியை முடுக்கி, ஆக்ஸிஜனிலிருந்து சூப்பராக்சைடு தயாரிக்கும். அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். நியூட்ரோஃபில் என்னும் அணு இன்னும் ஒருபடி மேலே போய் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையே உண்டாக்கும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். ஆக, ஆக்ஸிஜனேற்றம் இங்கே ஆயுதம். அந்த நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு நிமோனியாவும் சீழ்க்கட்டியும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால் அதன் அருமை புரியும். அதே ஆயுதம் அடங்காமல் போனால் சொந்தத் திசுவே புண்ணாகும். அதனால்தான் செல்லுக்குள்ளேயே குளூட்டாதயோன், கேட்டலேஸ் என்று அடக்குபவையும் இருக்கின்றன. அடுப்பு எரியவும் வேண்டும், கூரையில் பற்றவும் கூடாது.

சீந்திலுக்கு இதில் என்ன பங்கு? மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இதன் தண்டிலிருந்து ஒரு பாலிசாக்கரைடைப் பிரித்து ஆராய்ந்தார்கள். சோதனைக்குழாயில் அது கேடு செய்யும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை அடக்கியது. அதே பொருள் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்களைத் தட்டியும் எழுப்பியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இரட்டைக் குணம்தான். ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ என்ற ஒற்றை லேபிளுக்குள் இந்தச் செடி அடங்காது.

ஆனால் சோதனைக்குழாய் வேறு, உடம்பு வேறு. பரவலாகச் செய்யும் சோதனை ஒன்றில், ஊதா நிறக் கரைசலில் சாற்றை விடுவார்கள்; நிறம் மங்கி மஞ்சளானால் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று கணக்கு. நாம் குடிக்கும் டீயை விட்டாலும் மஞ்சளாகும். குடலில் செரித்து, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்த நிறமாற்றம் சொல்லாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வும் உண்டு: 1990களில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அடைப்பு மஞ்சள்காமாலை நோயாளிகளுக்குச் சீந்திலைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் நம்பிக்கை தருவதாக இருந்தது. அப்படிப்பட்ட ஆய்வுகள் இன்னும் பெரிய அளவில் நடக்க வேண்டும்.

விழுங்கணுக்களைத் தட்டி எழுப்பும் குணத்துக்கு மறுபக்கம் உண்டு. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் வீடுவீடாகக் கொதித்தது. 2021-இல் மும்பை மருத்துவர்கள், அதைக் குடித்தபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் மறைந்திருக்க, அதைச் சீந்தில் கிளப்பியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வேறு வகைச் சீந்தில் கலந்திருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். இரண்டில் எது சரியானாலும், எந்தக் கொடி, யார் உடம்பு என்று பார்க்காமல் குடிப்பது ஆபத்து.

முடக்குவாதம், லூபஸ், தன்னெதிர்ப்புத் தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சீந்திலைத் தொட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், சீந்திலும் சர்க்கரையை இறக்கக்கூடியது என்பதால், குடிப்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.