தட்டினால் ஏன் தயங்கியது?

2007-இல் முதல் ஐபோன் வந்தபோது இணையதளங்கள் எல்லாம் கணினித் திரையின் அகலத்துக்குக் கட்டப்பட்டிருந்தன. அவற்றை மூன்றரை அங்குலத் திரைக்குள் சுருக்கினால் எழுத்தெல்லாம் எறும்பு வரிசைதான். ஆப்பிள் ஒரு வழி கண்டது: பத்தியின்மேல் விரலால் இருமுறை தட்டினால் அது திரை நிறையப் பெரிதாகும்.

நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருமுறை தட்டியவர் அடுத்த தட்டும் தட்டப்போகிறாரா என்று பிரவுசருக்கு எப்படித் தெரியும்? பொறுத்துப் பார்க்க வேண்டியதுதான். ஐபோனின் பிரவுசரான சஃபாரி ஏறத்தாழ 300 மில்லி விநாடி பொறுத்தது. இரண்டாவது தட்டு வராவிட்டால்தான் 'கிளிக்' நடந்ததாகப் பக்கத்துக்குத் தகவல் போகும். ஆண்ட்ராய்டு பிரவுசர்களும் அதே வழியில் போயின.

கால் விநாடிக்குச் சற்று மேல். அவ்வளவுதானே என்று தோன்றும். பத்தில் ஒரு விநாடி தாண்டினாலே விரலுக்கும் திரைக்கும் ஒட்டவில்லை என்பதை மனிதர்கள் உணர்ந்துவிடுகிறார்கள். 'போன் ஆப்தான் வேகம், வெப்சைட் மந்தம்' என்ற பேச்சுக்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம்.

நிரலாளர்கள் குறுக்குவழி தேடினார்கள். விரல் திரையை விட்டு எடுபடும் கணத்தில் 'டச்எண்ட்' என்ற நிகழ்வு உடனே வந்துவிடும். கிளிக்குக்குக் காத்திராமல் அதிலேயே வேலையை முடித்தால் போயிற்று. ஆனால் பிரவுசர் தன் கிளிக்கையும் 300 மில்லி விநாடி கழித்துத் தவறாமல் அனுப்பிவைக்கும். அதற்குள் நீங்கள் மூட நினைத்த பெட்டி மூடியிருக்கும். கிளிக் அதன் அடியில் இருந்த இணைப்பில் போய் விழும். இதற்குப் பேய்க் கிளிக் என்றே பெயர். அடியில் இருந்தது விளம்பரமென்றால் யாரோ சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

2011-இல் ஆப் ஸ்டோரை விட்டு விலகி வெப் ஆப் பக்கம் போன 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' நாளிதழுக்கு இந்தத் தாமதம் பெரிய தலைவலி. அதன் ஆய்வகம் வெளியிட்ட 'ஃபாஸ்ட்கிளிக்' என்ற நிரல், கிளிக்கைத் தானே உடனே உருவாக்கிவிட்டு, பின்னால் வரும் பிரவுசரின் கிளிக்கைத் தடுத்தது. உலகமெங்கும் தளங்கள் அதைச் சேர்த்துக்கொண்டன.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சலுகை இருந்தது. பெரிதாக்கும் வசதியையே பக்கம் முடக்கிவிட்டால் குரோமும் ஃபயர்பாக்ஸும் காத்திருக்காது. பலர் யோசிக்காமல் முடக்கினார்கள். கண்பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்க முடியாமல் தவிக்க, மற்றவர்களுக்குக் கால் விநாடி மிச்சம். எல்லாக் குறுக்குவழிகளிலும் மோசமானது இதுதான் என்பேன்.

சரியான தீர்வு 2014 தொடக்கத்தில் குரோம் 32-இல் வந்தது: பக்கம் போனின் அகலத்துக்கே அமைக்கப்பட்டதாக அறிவித்தால் காத்திருப்பு இல்லை, இரு விரலால் பெரிதாக்கவும் தடையில்லை. இதே வசதி ஐபோனுக்கு வர 2016 மார்ச் ஆயிற்று, ஐஓஎஸ் 9.3-இல். இடைப்பட்ட காலத்தில் ஒரே பக்கம் ஒருவர் கையில் சட்டென்று திறந்தது, பக்கத்தில் இருப்பவர் கையில் இழுத்தடித்தது.

2016 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 10, 'பெரிதாக்காதே' என்று தளங்கள் இட்ட கட்டளையை மதிப்பதையே நிறுத்தியது. ஃபாஸ்ட்கிளிக்கை எழுதியவர்களோ, புதிய பிரவுசர்களில் அதனால் பயனில்லை, புதுப் பிழைகள்தான் வரும் என்று தங்கள் நிரலின் அறிமுகக் குறிப்பிலேயே எழுதிவைத்தார்கள்.