பூனை மூச்சை உறிஞ்சுமா?

தொட்டிலில் தூங்கும் குழந்தையின் மூச்சைப் பூனை உறிஞ்சிக் கொன்றுவிடும் என்பது இங்கிலாந்தின் பழைய நம்பிக்கை. வெறும் பாட்டி கதைன்னு நினைச்சுடாதீங்க! 1791-ல் பிளிமத் அருகே 18 மாதக் குழந்தை இறந்தபோது, மரண விசாரணையிலேயே பூனைதான் காரணம் என்று முடிவானது.

பூனை கதகதப்பைத் தேடித்தான் தொட்டிலில் ஏறுகிறது. மூச்சை உறிஞ்ச அதனால் முடியாது. காரணம் புரியாத தொட்டில் மரணங்களுக்கு அது பழி சுமந்தது. குப்புறப் படுக்க வைப்பதே ஆபத்து என்று தெரிந்தபின், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி 1991-ல் பிரிட்டனில் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன.

முகத்தருகே பூனை படுத்தால் குழந்தைக்கு மூச்சு முட்டலாம். எனவே தள்ளியே வையுங்கள். ஆனா, பழியை அது மேல போட்டுட்டா நிஜக் காரணத்தை யார் தேடுவாங்க?