எஞ்சின் எண்ணெயின் ஆயுள்: மூவாயிரம் மைல் விதி பற்றி ஒரு நோக்கு

மோட்டார் வண்டியின் எஞ்சின் எண்ணெயை எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும் என்னும் வினா ஆய்விதழொன்றில் எழுப்பத்தக்கதா என வாசகர் சிலர் ஐயுறுதல் கூடும். ஆயின் விஞ்ஞானமும் வழக்கமும் வாணிப நலனும் நாளாந்த வாழ்விலே பின்னிக் கிடக்குமாற்றை இதனிலும் எளிதாகக் காட்டவல்ல பொருள் அரிது. மூவாயிரம் மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 4,800 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது ஐக்கிய அமெரிக்காவில் நீண்டகாலம் வேதவாக்காகக் கொள்ளப்பட்டது. அவ்வெண் எண்ணெயின் இயல்பினின்று பெறப்பட்டதா என்பதே இங்கு எமது கேள்வி.

எண்ணெய் கெடுவது ஓடிய தூரத்தாலன்று. வெப்பமேற ஒட்சியேற்றம் விரைவுறும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது அவ்வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவான கணிப்பு. அமிலங்களை நடுநிலையாக்கவும், தேய்வைத் தடுக்கவும், புகைக்கரியைத் தாங்கி நிற்கவும் சேர்க்கப்பட்ட பொருள்கள் படிப்படியாகச் செலவாகும். (எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது என்போர் பலர். பெற்றோல் எஞ்சினிலும் சரி, டீசல் எஞ்சினிலும் சரி, அழுக்கைத் தன்னுள் தாங்கித் தன் கடமையைச் செய்யும் எண்ணெயே கறுக்கின்றது. நிறத்தை மட்டுங் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தவறு.)

வெப்பத்தைப் போலவே குளிர்ந்த ஓட்டமும் தீங்கு பயக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேற, சிறுபகுதி முசல வளையங்களைக் கடந்து எண்ணெயை அடைகின்றது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சினில் அந்நீர் ஆவியாகிவிடும். சந்தைக்கும் பாடசாலைக்குமாக ஒரு மைல், இரு மைல் ஓடி நிறுத்தப்படும் வண்டியிலோ அது தங்கி, எரியாத பெற்றோலோடு கூடி எண்ணெயைக் கெடுக்கும். குறைவாக ஓடும் வண்டிக்கு அடிக்கடி எண்ணெய் மாற்றவேண்டி நேர்வது இதனாலேயே.

இதனை யாழ்ப்பாணத்தார் அனுபவத்தால் அறிவர். 1990ஆம் ஆண்டிலே தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் முதலான பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்களில் இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கித் தேங்கும். எண்ணெய் மட்டம் பார்க்குங் கம்பியிலே மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். எஞ்சின் எண்ணெய் குடிக்கவில்லையென மகிழ்தற்குரிய நிலையன்று அது. எண்ணெய் தன் பிசுக்குமையை இழந்துவிட்டதென்பதே அதன் பொருள். அத்தகைய எஞ்சினுக்கு மூவாயிரம் மைல் மிக நீண்ட தவணை.

மறுபுறத்தில், செம்மையான எரிபொருளும் செயற்கை எண்ணெயும் கொண்ட இன்றைய எஞ்சினுக்கு அதே எண் மிகக் குறுகிய தவணை. உற்பத்தியாளர் பலர் தம் கைநூல்களில் 5,000 முதல் 10,000 மைல் வரை விதிக்கின்றனர். எவ்வளவு குறைவாக ஓடினும் ஆண்டுக்கொருமுறை மாற்றுமாறும் பெரும்பாலும் கூறுகின்றனர். புழுதி, கடும் வெப்பம், பாரமிழுத்தல், குறும்பயணம் ஆகியவற்றுக்குத் தனியான, குறுகிய தவணையும் அங்கே உண்டு. வெப்ப நாட்டு நகரத் தெருக்களில் ஓட்டுவோர் இப்பகுதியையே முதலிற் பார்த்தல் தகும். ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வாளர் உருவாக்கிய கணிப்பு முறை எண்ணெயைச் சோதிப்பதேயில்லை. எஞ்சின் சுழன்ற தடவைகளையும் எண்ணெயின் வெப்பநிலையையும் கணக்கிட்டு எஞ்சிய ஆயுளை அறிவிக்கின்றது. தூரம் அங்கே அளவுகோலன்று.

அவ்வாறாயின் பழைய எண் நிலைத்தது ஏன்? அக்கால எண்ணெய்க்கும் எஞ்சினுக்கும் அது ஓரளவு பொருந்தியதே. எண்ணெயும் எஞ்சினும் மாறிய பின்னரும் எண் மாறாமைக்கு, அடுத்த தவணையைக் கண்ணாடியில் ஒட்டியனுப்பும் சேவை நிலையங்களின் வருவாய் ஒரு காரணமெனல் மிகையாகாது. கலிபோர்னிய மாநிலக் கழிவு முகாமைத் துறையினர் 2011ஆம் ஆண்டளவில் இவ்விதிக்கெதிராகப் பிரசாரம் நடத்தினர். அவர்களது கவலை நுகர்வோரின் பணம் பற்றியது மட்டுமன்று, கழிவெண்ணெய் பற்றியதுமாகும். ஒரு தடவை மாற்றிய எண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரை மாசுபடுத்தக்கூடும் என்பது ஐக்கிய அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கணிப்பு.

சுண்ணக்கற் பாறையூடாக நீர் விரைந்திறங்கும் யாழ்ப்பாணத்தில் இக்கவலைக்குத் தனிப்பொருள் உண்டு. சுன்னாகம் அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்தமை பற்றிய வழக்கிலே 2019இல் உயர் நீதிமன்றம் அயலவர்க்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. வீட்டு முற்றத்தில் எண்ணெய் மாற்றுவோர் பழைய எண்ணெயை வேலியோரம் ஊற்றுவதும், கறையானுக்கென மரங்களின் அடியிற் பூசுவதும் அதே நிலத்தடி நீரின் மேலேதான்.